இரண்டு பேரா, மூன்று பேரா?

ஆங்கிலத்தில் ‘என்வி’, ‘ஜெலஸி’ என்று இரண்டு சொற்கள். தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘பொறாமை’யில் போட்டு மூடிவிடுகிறோம். 1604இல் ஜேம்ஸ் மன்னரின் அவையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வையும் ‘பொறாமையின் நாடகம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் யாருடைய பொறாமை?

சொற்களைப் பிரிக்க எளிய வழி, ஆட்களை எண்ணுவது. என்விக்கு இரண்டு பேர் போதும்: அவனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஜெலஸிக்கு மூன்று பேர் வேண்டும்: நானும் என்னுடையவளும், நடுவில் வந்துவிடுவானோ என்று நான் பயப்படும் இன்னொருவனும். முன்னது இல்லாததன் எரிச்சல், பின்னது இழந்துவிடுவோமோ என்ற பயம்.

வேர்களும் இதையே சொல்கின்றன. என்வியின் மூலமான லத்தீன் ‘இன்விடியா’வுக்குள் பார்ப்பதைக் குறிக்கும் வினை இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பார்ப்பது. நம்மூர்க் கண்ணேறுக்குப் பக்கத்து வீடு. அதனால்தான் தாந்தேயின் ‘புர்கடோரியோ’வில் இந்தப் பாவம் செய்தவர்களின் இமைகளை இரும்புக் கம்பியால் தைத்து வைத்திருக்கிறார்கள். ஜெலஸியின் வேர் கிரேக்க ‘ஜீலோஸ்’. தீவிரப் பற்றைச் சொல்லும் ‘ஜீல்’ அதன் உடன்பிறப்பு. பற்று இல்லாத இடத்தில் ஜெலஸிக்கு வேலை இல்லை.

இப்போது நாடகத்துக்கு வருவோம். ஒதெல்லோவுக்கு இருப்பது ஜெலஸி. மனைவி டெஸ்டிமோனா மீது அவனுக்குப் பற்று இருப்பதால்தான் ஒரு கைக்குட்டை அவனை அழிக்க முடிகிறது. இயாகோவுக்கு இருப்பது என்வி. தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போனது அவனுக்குத் தாங்கவில்லை. காசியோ அழகாக வாழ்கிறான், பக்கத்தில் தான் அசிங்கமாகத் தெரிகிறோம் என்று கடைசியில் அவனே சொல்லிவிடுகிறான். ஆனாலும் ‘ஒதெல்லோ என் மனைவியோடு இருந்திருக்கலாம்’ என்று நடுவில் ஒரு சந்தேகத்தையும் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான். ஜெலஸி ஆபத்தானது என்று ஒதெல்லோவை எச்சரிப்பவனும் இவன்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஜெலஸிக்கு ஓர் உரிமைக் கோரிக்கை உண்டு, ‘என்னுடையது’ என்று வாய்விட்டுச் சொல்லலாம். என்விக்குச் சொல்லிக்கொள்ள நியாயம் எதுவும் கிடையாது. ஆகவே அது ஜெலஸியின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறது. இன்றும் அப்படித்தான். அப்ரைசல் முடிந்து யாருக்காவது புரமோஷன் வந்தால், “செம ஜெலஸ்ஸா இருக்குடா” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அங்கே மூன்றாவது ஆளே இல்லை. “என்வியா இருக்கு” என்று சொல்லி நான் கேட்டதில்லை.

‘பொறாமை’ என்றால் பொறுக்கமாட்டாமை. அது இயாகோவுக்குப் பொருந்துகிற அளவு ஒதெல்லோவுக்குப் பொருந்தாது. பேச்சுத் தமிழுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் ‘வயித்தெரிச்சல்’. கட்டியவளின் போனை எடுத்துப் பார்த்தால் “அவன் சந்தேகப்படுறான்”. ஜெலஸியில் இருக்கும் பற்று ‘சந்தேக’த்தில் முழுசாக வராதுதான். ஆனாலும் கொலை செய்தவனையும் செய்யவைத்தவனையும் ஒரே சொல்லில் அடைப்பதைவிட அது மேல். அப்படி அடைத்தால் லாபம் இயாகோவுக்குத்தான்.