கை வலிக்காத பேனா எது?

பருவத் தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளராக நின்றவர்கள் எல்லோரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் பேனாக்கள் தடையின்றி ஓடும். இரண்டாம் மணி முடியும் தறுவாயில் ஆங்காங்கே மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலக்கையை உதறுவார்கள்; விரல்களை நெட்டி முறிப்பார்கள். மூன்றாம் மணியில் எழுத்தின் உருவமே மாறிவிடும்.

பாலசமுத்திரத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், தமக்கு நன்கு தெரிந்த ஒரு நிறுவலைப் பாதியில் விட்டிருந்தார். காரணம் கேட்டேன். "விடை தெரியும் சார், கை ஓடல" என்றார். அவருடைய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். எழுத்துகள் முழுவதும் புடைத்து நின்றன. அவருடைய பேனாவோ தென்னை ஈர்க்குபோல மெலிந்த, வழவழப்பான ஒன்று. தெரிந்த விடைக்கு மதிப்பெண் இழப்பது சிறிய இழப்பன்று. அந்த இழப்பில் பேனாவுக்கு எவ்வளவு பங்கு உண்டு? இதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

பேனா வாங்கப் போகிறவர் கடையில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கடைக்காரர் நீட்டும் துண்டுத் தாளில் இரண்டு சுழி சுழிப்பார், தம் பெயரை ஒரு முறை எழுதுவார், காசைக் கொடுப்பார். அரை நிமிடம்கூட ஆகாது. மூன்று மணி நேர உழைப்புக்கான கருவியை அரை நிமிடத்தில் தேர்ந்தெடுக்கிறோம்! விளம்பரங்களும் "வழுக்கிக்கொண்டு ஓடும்" என்கின்றனவே தவிர, கைக்கு என்ன ஆகும் என்று சொல்வதில்லை.

வலி பிறக்கும் இடம்

பேனா கனமாக இருப்பதால் கை வலிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரணப் பேனாவின் எடை பத்து முதல் இருபது கிராம் வரை இருக்கலாம். அதைத் தூக்குவதில் சிரமம் ஒன்றுமில்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது.

நாம் பேனாவைத் தாளின்மேல் அழுத்தும்போது தாளும் பேனாவை எதிர்த்துத் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. அவ்விசை பேனாவை விரல்களுக்கிடையே மேல்நோக்கி நழுவச் செய்யப் பார்க்கிறது. அது நழுவாமல் காப்பது விரலுக்கும் பேனாவுக்கும் இடையிலுள்ள உராய்வு. விரல்கள் இறுக்கிப் பிடித்தால்தான் அந்த உராய்வு கிடைக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பேனாவை மேலே தள்ளும் விசை 1.5 நியூட்டன் என்று கொள்க. உராய்வுக் குணகம் 0.6 ஆனால், விரல்கள் மொத்தம் 2.5 நியூட்டன் விசையுடன் இறுக்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.3 ஆகக் குறைந்தால் 5 நியூட்டன் தேவை. அதாவது பிடி இரு மடங்கு இறுக வேண்டும். இறுக்கிய தசை இளைப்பாறுவதில்லை. அதில் இரத்த ஓட்டம் குறைகிறது, களைப்பு சேர்கிறது, வலி பிறக்கிறது.

ஆகவே நம் மதிப்பீட்டுக்கு இரண்டு அளவுகோல்கள் கிடைத்துவிட்டன. ஒன்று, பேனா எவ்வளவு அழுத்தம் கேட்கிறது? மற்றொன்று, அதன் உடல் எவ்வளவு பிடிப்புக் கொடுக்கிறது? இவற்றைக் கொண்டு கடையிலுள்ள மூவகைப் பேனாக்களையும் எடை போடுவோம்.

பந்துமுனைப் பேனா

ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ 1938இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முனையில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள ஒரு சிறு உருண்டை குழிக்குள் சுழல்கிறது. உள்ளிருக்கும் மையைத் தொட்டுத் தாளில் உருட்டிவிடுகிறது. அந்த மை எண்ணெய் சார்ந்தது. தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு பாகுநிலை கொண்டது. ஒழுகாமலும் விரைவில் உலராமலும் இருப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. பாகுபோன்ற மைக்குள் உருண்டை சுழல வேண்டுமானால், தாள் அதைப் பற்றித் திருப்ப வேண்டும். அதற்குத் தாளுக்கும் உருண்டைக்கும் இடையே போதிய உராய்வு வேண்டும். அதற்கு நாம் அழுத்த வேண்டும். மேலும் பேனாவை மிகவும் சாய்த்தால் குழியின் விளிம்பு தாளில் உரசும். எனவே பேனாவைச் சற்று நிமிர்த்தியே பிடிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளை உடலும் நீல மூடியும் கொண்ட ரெனால்ட்ஸ் 045 பேனாவைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே கையில் பிடித்திருக்கிறது. விலை மலிவு, கோடு சீர், சட்டைப்பை பாழாவதில்லை ஆகிய மூன்று நன்மைகளும் உண்மையே. ஏழை மாணவர்களுக்கு எழுத்துக்கருவியை எளிதாக்கிய புகழ் இவ்வகைப் பேனாக்களுக்கு உண்டு. ஆயினும் மெலிந்த வழவழப்பான உடலும் அழுத்தம் கேட்கும் மையும் ஒன்றுசேர்ந்தால், நம் இரு அளவுகோல்களிலும் மதிப்பெண் குறைகிறது. குறிப்பெடுக்கவும் படிவம் நிரப்பவும் இது போதும். நாற்பது பக்கம் எழுத ஏற்றதன்று.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் பாகுநிலை குறைந்த எண்ணெய் மையைக் கொண்டுவந்தார்கள். இன்று அம்முறையைப் பின்பற்றும் பேனாக்கள் நம் கடைகளிலும் கிடைக்கின்றன. இவற்றுக்கு அழுத்தம் குறைவாகவே வேண்டும். பெயரைப் பார்க்காமல் மையைப் பாருங்கள் என்பது இதனால்தான்.

ஜெல் பேனா

இதிலும் உருண்டைதான், ஆனால் மை நீர் சார்ந்தது. 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் இதை அறிமுகம் செய்தது. இந்த மைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. சும்மா இருக்கும்போது கூழாகக் கெட்டியாக இருக்கும், அசைத்தால் இளகிவிடும். தக்காளிச் சாறு புட்டியைக் குலுக்கினால் என்ன நடக்கிறது? அதுவேதான். உருண்டை சுழலும் இடத்தில் மட்டும் மை இளகி ஓடுகிறது. மற்ற இடத்தில் கெட்டியாக நின்று ஒழுகாமல் காக்கிறது. ஆகவே அழுத்தம் மிகக் குறைவு.

குறைகளும் உண்டு. மை விரைவில் தீரும். தரமற்ற தாளில் பின்பக்கம் ஊறித் தெரியும். எழுதிய வரியின்மேல் வியர்வைக் கை பட்டால் இழுபடும். மூன்று மணி நேரத் தேர்வுக்குப் போகிறவர் கையில் இன்னொன்று இருப்பது நலம்.

மைப்பேனா

அழுத்தத்தைப் பொறுத்தவரை மைப்பேனாவுக்கு நிகர் இல்லை. நிப்பின் நடுவிலுள்ள பிளவும் அதன் அடியிலுள்ள நாக்கின் சிறு காடிகளும் நுண்புழைகளாக இயங்கி, மையை முனைவரை கொண்டுவந்து நிறுத்துகின்றன. முனை தாளைத் தொட்டதும் தாளின் நார்களே மையை உறிஞ்சிக்கொள்கின்றன. இங்கே நாம் உருட்ட வேண்டியது எதுவுமில்லை. பேனாவின் எடையே போதும். நன்றாகச் சாய்த்துப் பிடிக்கலாம். கை இயல்பாகத் தாளில் படிந்திருக்கும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஆந்திரத்து ராஜமகேந்திரவரத்தில் ரத்னம் என்பவர் செய்த உள்நாட்டுப் பேனாவைப் பெற்று, 1935இல் காந்தியடிகள் பாராட்டிக் கடிதம் எழுதினார். கெட்டி ரப்பரான எபோனைட்டில் கடைந்து செய்யும் இத்தகைய பேனாக்களை நம் திருவள்ளூரிலும் கைவினைஞர்கள் செய்கிறார்கள். எபோனைட் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. அதனால் உலோகம்போல் கையைக் குளிரச் செய்வதில்லை. மெருகு குறைத்த எபோனைட் விரலுக்கு நல்ல பிடிப்பும் தருகிறது.

அப்படியானால் எல்லோரும் மைப்பேனாவுக்கே மாறிவிடலாமா? "மைப்பேனாவில் எழுதினால்தான் எழுத்து திருந்தும்" என்று பள்ளிகளில் கட்டாயப்படுத்திய ஆசிரியர்கள் நமக்குண்டு. அழுத்தம் குறையும் என்ற அளவில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் மட்டமான தாளில் மை பரவுவதையும் மூடாமல் வைத்தால் நிப்பு உலர்வதையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அதை எனக்குக் கற்பித்தது பழனிமலைதான்.

மலையேறிய மைப்பேனா

ஒருமுறை மாணவர்களுடன் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைக் காணப் புறப்பட்டேன். பாதி மை இருந்த பேனாவைக் குறிப்பேட்டுடன் பையில் படுக்கவைத்திருந்தேன். பாலசமுத்திரத்துப் பாலாறு பொருந்தலாறு அணையின் நீர் கீழே தகடுபோல மின்னிக்கொண்டிருந்தது. மேலே போய்ப் பையைத் திறந்தால் குறிப்பேட்டின் பாதி நீலமாகியிருந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். "ஏன் என்று சொல்லுங்கள்" என்றேன். சிரிப்பு நின்றது.

பழனி கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கும் மேல். மேலே போகும்போது வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பாயில் விதிப்படி, பேனாவுக்குள் அடைபட்டிருந்த ஒரு கன சென்டிமீட்டர் காற்று சுமார் 1.25 கன சென்டிமீட்டராக விரியப் பார்க்கும். மலைக்குளிர் அதைச் சற்றுச் சுருக்கினாலும் 1.2 அளவில் நிற்கும். மிகுந்த 0.2 கன சென்டிமீட்டருக்கு இடம் ஏது? அவ்வளவு மை வெளியேற வேண்டியதுதான். அது ஏறக்குறைய நான்கு சொட்டு. ஒரு குறிப்பேட்டைப் பாழாக்க அது தாராளம்.

இதற்குப் பரிகாரம் எளிது. மையை முழுக்க நிரப்புங்கள், காற்றுக்கு இடமிராது. அல்லது முனை மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப்பையில் செருகுங்கள். மைக்குப் பதிலாகக் காற்று வெளியேறிவிடும். பந்துமுனைப் பேனாவைப் பிரிட்டிஷ் விமானப்படையினர் விரும்பி ஏற்றதும் இக்காரணத்தால்தான். உயரத்தில் அது ஒழுகவில்லை.

மலை ஏறாமலும் இது நடக்கும். சொட்டுக்குழாயால் மை ஊற்றும் பேனாவில் மை கால்பங்காகக் குறைந்திருக்கும்போது, கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து விடைத்தாளில் ஒரு சொட்டு விழும். தேர்வின் கடைசி மணியில் விழும் "காரணமில்லாத" மைத்துளிக்குக் காரணம் இதுவே.

உடலின் அமைப்பு

மையை விட்டு உடலுக்கு வருவோம். மெலிந்த பேனாவில் விரல் படும் பரப்பு சிறியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது அல்லவா? பரப்பு சிறுத்தால் நடுவிரலின் பக்கத்தில் காய்ப்பு விழுகிறது. பெரும்பாலான பெரியவர்களுக்குப் பிடிக்கும் இடத்தில் 10 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன் இதமாக இருக்கும். சிறுவர் கைக்கு அதற்குத் தக்கவாறு குறையலாம்.

கோடைத் தேர்வுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விரலில் இலேசான ஈரம் பிடிப்பைக் கூட்டும்; வியர்வை படலமாகப் படிந்துவிட்டாலோ வழவழப்பான உடல் வழுக்கும். முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ரப்பர் உறை போட்ட பேனா இங்கே உண்மையில் உதவுகிறது. ஆனால் சில உறைகள் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். அப்போது மாற்றிவிட வேண்டும்.

வழியனுப்பு விழாக்களில் பரிசளிக்கும் பளபளப்பான உலோகப் பேனாக்களைப் பற்றி ஒரு சொல். அவை கையொப்பமிட மட்டுமே ஏற்றவை. கனம் பின்பக்கம் இருக்கும். மூடியையும் பின்னால் செருகினால் ஈர்ப்பு மையம் இன்னும் பின்னால் போகும். அதன் திருப்புத்திறன் முனையைத் தாளிலிருந்து தூக்கப் பார்க்கும். விரல்கள் மூன்று மணி நேரமும் அதை எதிர்த்துப் போராட வேண்டும்.

பேனா மட்டுமா குற்றவாளி?

1713ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி, எழுத்தர்களின் கைநோயைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, மனத்தின் இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணமாகக் காட்டினார். அவர் காலத்தில் பந்துமுனைப் பேனா இல்லை, இறகுதான். ஆகவே நல்ல பேனா வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது சரியாகாது.

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது இடக்கைக் கட்டைவிரல் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்தது. ஓலையும் இடக்கையால் நகர்த்தப்பட்டது. வேலை இரு கைகளுக்கும் பகிரப்பட்டது. நாமோ விரல்நுனிகளை மட்டும் வருத்துகிறோம். முன்கையைப் பெஞ்சின்மேல் படியவிட்டு, கையை முழுதாக நகர்த்தி எழுதப் பழகினால் பாதிச் சுமை குறையும். கூடுதல் தாள் எத்தனை வாங்கினார் என்று பார்த்து மாணவரை மெச்சும் வழக்கத்தை நாங்கள், ஆசிரியர்கள், விட்டால் மீதியும் குறையலாம்.

நீங்களே சோதியுங்கள்

கடைக்குப் போகுமுன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். சமையலறை மின்தராசின்மேல் தாளை வைத்து, ஒவ்வொரு பேனாவாலும் இயல்பாக இரண்டு வரி எழுதுங்கள். கை தராசில் படக்கூடாது. தராசு காட்டும் கிராம் அளவை ஒப்பிடுங்கள். உங்கள் அழுத்தம் கண்ணுக்குத் தெரியும். தராசு இல்லையேல் தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். புடைப்பு எவ்வளவோ அழுத்தம் அவ்வளவு. பிறகு தேறிய பேனாவால் அரைமணி நேரம் நிறுத்தாமல் எழுதுங்கள். தேர்வு விதி நீலம் அல்லது கறுப்பு மைதான் கேட்கிறது; பேனாவின் வகையை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: நல்ல தாளும் பேனாவைப் பேணும் பொறுமையும் உடையவருக்கு மைப்பேனா, தேர்வுக்கூடத்துக்கு ஓரளவு தடித்த ஜெல் பேனா அல்லது பாகுநிலை குறைந்த மை கொண்ட பந்துமுனைப் பேனா, அவசரக் குறிப்புக்குப் பழைய மெலிந்த பேனாவே போதும். எதுவானாலும் தேர்வன்று புதிதாக மாற்றாதீர்கள். ஒரு மாதமாவது பழகுங்கள்.

அந்தப் பாலசமுத்திரத்து மாணவர் அடுத்த பருவத்தில் பேனாவை மாற்றினார். விடைத்தாளின் பின்பக்கம் இன்னும் சற்றுப் புடைத்துத்தான் இருந்தது. பழக்கம் ஒரே பருவத்தில் போய்விடுமா? ஆனால் நிறுவல் இம்முறை கடைசி வரி வரை எழுதப்பட்டிருந்தது. இடையில் ஒரு குறி தவறியிருந்தது. அதற்கு நான் ஒரு மதிப்பெண் குறைத்தேன். அந்தத் தவறுக்குப் பேனா பொறுப்பன்று.