சந்திரமுகியின் கண்ணியம்

பங்கு ஆண்டுவிழாவில் நம் சிறுமியர் சலங்கை கட்டி ஆடும்போது மகிழ்ந்து கைதட்டுகிறோம். அவர்களுள் ஒருத்தி நடனமே தன் வாழ்க்கைப் பணி என்று சொல்லிவிட்டால், வியாசர்பாடியானாலும் ராயபுரமானாலும், வீட்டில் எழும் முதற்சொல் ‘வேண்டாம்’ என்பதே. கலையைப் போற்றிக் கலைஞரை ஐயுறும் இந்த மனநிலைக்கு, வைஜெயந்திமாலாவின் திரைவாழ்வு நல்லதோர் உரைகல்.

சென்னை சர்ச் பார்க் கன்னியர் பள்ளியில் பயின்றவர். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் கற்றவர். சிறுமியாக இருந்தபோதே வத்திக்கானில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் முன்னிலையில் ஆடியவர். 1949இல் ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’ அவரைத் திரைக்குக் கொணர்ந்தது.

அதன்பின் வந்த படங்கள் பலவற்றில் நடனம் வெறும் அணிகலனே. கதை நிற்கும்; அவர் ஆடுவார்; கதை மீண்டும் நகரும். 1958இல் வெளிவந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ இதற்கு விலக்கு. அதில் பத்மினியும் அவரும் ஆடும் போட்டி நடனம், ஒருவனையே விரும்பும் இரு பெண்களின் உரையாடலாக அமைந்தது.

எனினும், அவருடைய கலை முழுமை பெற்றது அவர் ஆடாத ஒரு காட்சியில்தான் எனலாம். பிமல் ராயின் இந்திப் படமான ‘தேவதாஸ்’ (1955) அவருக்கு நாட்டியக் கணிகை சந்திரமுகியின் வேடத்தைத் தந்தது. சாலையில் நடந்துவரும் சந்திரமுகியும் பல்லக்கில் செல்லும் பார்வதியும் ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். ஒரு சொல் இல்லை. பல்லாண்டு அபிநயப் பயிற்சி அந்த ஒரு பார்வையில் அடங்கிவிடுகிறது. உலகம் ஒதுக்கியவளின் உள்ளம் அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது.

அவ்வேடத்திற்குத் துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அளிக்கப்பட்டபோது, சந்திரமுகி பார்வதிக்கு இணையானவள் என்று கூறி அவர் ஏற்க மறுத்தார். இதனைச் செருக்கு என்பாருமுண்டு. கணிகையைக் கதையின் ஓரத்தில் நிறுத்தும் வழக்கத்திற்கு எதிரான மறுப்பாகவே எனக்குப் படுகிறது. கண்ணீரால் தம் பாதங்களை நனைத்த பெண்ணைச் சுட்டி, "இவரைப் பார்த்தீரா?" எனச் சீமோனைக் கேட்டவர் நம் ஆண்டவரன்றோ!

1970ஐ ஒட்டித் திரையை விட்டார், சலங்கையை விடவில்லை. 1982இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2024இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. திரைப்புகழ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நடனமோ வாழ்நாள் முழுதும்.

கொடுக்கப்பட்ட தாலந்தைப் புதைக்காதவரைப் போற்றும் நாம், நம் வீட்டுச் சிறுமியின் தாலந்தை மட்டும் புதைக்கச் சொல்வது முறையாகுமா?