வீரனின் அடக்கம்: ஓடி மேர்பியின் நூலும் படங்களும்

ஓடி மேர்பியைப் பற்றி எழுதுபவர்கள் எவரும் 'அடக்கமானவர்' என்ற சொல்லைத் தவறவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் மிக அதிகமான பதக்கங்களைப் பெற்ற அமெரிக்கப் படையினரில் ஒருவர்; ஆயினும் அவற்றைப் பற்றிப் பேச விரும்பாதவர், பதக்கங்களைச் சிறுவர்களிடம் கொடுத்துவிட்டவர், மேடைகளில் கூச்சப்பட்டவர் என்று அந்தச் சித்திரம் விரிகிறது. இதில் தகவற்பிழை அதிகமில்லை. என்னுடைய கேள்வி வேறு. ஒருவன் தன் வீரத்தைப் பற்றிப் பேச மறுப்பதை நாம் ஏன் உடனேயே ஒரு நற்குணமாக வாசிக்கிறோம்? அது ஒரு மறுப்பாக, ஏன், ஒரு குற்றச்சாட்டாகக்கூட இருக்கமுடியாதா? அவருடைய பெயரில் 1949இல் வந்த நூலையும் அவர் நடித்த மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ரெக்ஸாஸ் மாநிலத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து பிழைத்த குடும்பம். 12 பிள்ளைகளில் ஏழாவது. தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். பையன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பருத்தி பொறுக்கினான். 1941இல் தாய் இறந்தார். இளைய பிள்ளைகள் மூவர் அநாதை இல்லத்துக்குப் போனார்கள். 1942 ஜூனில், வயதைக் கூட்டிக் காட்டி மூத்த சகோதரி கொடுத்த சத்தியக்கடதாசியோடு அவன் இராணுவத்தில் சேர்ந்தான். அப்போது வயது 17. மெலிந்த பையன் என்று மரைன் படை அவனை ஏற்கனவே திருப்பி அனுப்பியிருந்தது. வறுமையும் அநாதை நிலையும் ஒரு சிறுவனைப் படைமுகாமின் வாசலுக்குக் கொண்டுவந்த கதைதான் இது. தேசபக்தி பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டது.

3ஆவது காலாட்படை டிவிஷனின் 15ஆவது ரெஜிமெண்டில் சிசிலி, அன்சியோ, தென் பிரான்ஸ், அல்சாஸ் என்று அவருடைய போர் நகர்ந்தது. இரண்டு நாட்களை மட்டும் இங்கு குறிப்பிடுகிறேன். 1944 ஓகஸ்ட் 15, தென் பிரான்சில் றமத்துவெல் அருகே: சரணடைவதுபோல் பாவனை காட்டிய ஜேர்மன் படையினரை நம்பி எழுந்து நின்ற அவருடைய நெருங்கிய நண்பர் லற்றி ரிப்ரன் சுட்டுக் கொல்லப்பட்டார். மேர்பி தனியாகவே முன்னேறி அந்த நிலையிலிருந்தவர்களை அழித்தார். இதற்காக அமெரிக்க இராணுவத்தின் இரண்டாவது உயர்ந்த விருது கிடைத்தது. 1945 ஜனவரி 26, அல்சாசில் ஹோல்ற்ஸ்வீர் கிராமத்துக்கு அருகே: ஆறு தாங்கிகளோடும் காலாட்படையோடும் ஜேர்மனியர் வந்தபோது, எஞ்சியிருந்த சிலரைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் பீரங்கித் தாக்குதலை வழிநடத்தியபடி அவர் அங்கேயே நின்றார். பின்னர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த ஒரு தாங்கி அழிப்பு வண்டியில் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஏறத்தாழ ஒரு மணிநேரம் எதிரியைத் தடுத்தார். இதற்காக 1945 ஜூன் 2ஆம் திகதி, சால்ஸ்பேர்க் அருகே, நாட்டின் அதியுயர் விருதான 'மெடல் ஒஃப் ஒனர்' அணிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 20 வயது நிரம்பவில்லை. ஜூலை 16ஆம் திகதிய 'லைஃப்' சஞ்சிகையின் அட்டையில் அந்தப் பால்முகம் சிரித்தது. அதைப் பார்த்த நடிகர் ஜேம்ஸ் காக்னி அவரை ஹொலிவூட்டுக்கு அழைத்தார்.

1949இல் வெளிவந்த 'ரு ஹெல் அன்ட் பாக்', நரகம்வரை போய்த் திரும்புதல் என்ற பொருளுடைய தலைப்பு. பெரும்பகுதியை எழுத்தாக்கியவர் நண்பர் டேவிட் மக்ளூர். எனினும் நூலின் நோக்கு மேர்பியுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கதை நிகழ்காலத்தில் சொல்லப்படுகிறது. சேறு, காய்ச்சல், பசி, கெட்ட பகிடிகள், அர்த்தமில்லாத சண்டைகள், பிறகு ஒவ்வொருவராகச் சாவது. இந்த நூலில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. அவர் பெற்ற பதக்கங்கள் இதில் இல்லை. விருது விழா இல்லை. மாறாக, முதற் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: அன்சியோவில் இறந்த ஜோ சியேஜா, றமத்துவெல்லில் இறந்த லற்றி ரிப்ரன். நூல் அவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. விமர்சகர்கள் இதையும் அடக்கம் என்றே சொல்லிக் கடந்து போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதக்கம் என்பது ஒரு நாளின் சம்பவத்திலிருந்து ஒருவனை மட்டும் தனியே பிரித்தெடுத்து அவனுக்கு அரசு சூட்டும் பொருள். அந்தப் பிரித்தெடுத்தலை நூல் ஏற்கவில்லை. ரிப்ரன் செத்த நிமிடத்துக்கும் மேர்பி விருது பெற்ற நிமிடத்துக்கும் இடையில் சில நூறு அடிகள்கூட இல்லை. ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்பதுதான் நூலின் மௌனத்தின் பொருள்.

1951இல் ஜோன் ஹியூஸ்ரன் இயக்கிய 'த ரெட் பாட்ஜ் ஒஃப் கரேஜ்' வந்தது. ஸ்ரீபன் கிரேன் 1895இல் வெளியிட்ட நாவல். முதற் சண்டையிலேயே பயந்து ஓடுகிற ஓர் இளைஞனின் கதை. நாட்டின் புகழ்பெற்ற வீரனை ஒரு கோழையாக நடிக்கவைத்தது ஹியூஸ்ரனின் துணிவு. மேர்பியின் மிகச்சிறந்த நடிப்பு இதுவே என்பது என் மதிப்பீடு. ஓடுகிறவனின் முகத்தில் நாம் காண்பது வெட்கத்தை அல்ல; உடல் தன் சொந்த அறிவோடு முடிவெடுப்பதையே. பயத்தைத் தெரிந்தவனால்தான் இப்படி நடிக்க முடியும். ஆனால் எம்.ஜி.எம் நிறுவனம் படத்தை வெட்டி 69 நிமிடமாக்கி, இலக்கியக் குரலில் ஒரு வர்ணனையையும் மேலே ஒட்டியது. இந்தச் சிதைப்பின் உள்விபரங்களை லிலியன் றொஸ் 1952இல் வெளியிட்ட 'பிக்சர்' என்ற நூலில் விரிவாகக் காணலாம். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. வீரன் பயந்தவன் என்ற செய்திக்கு அப்போது சந்தை இருக்கவில்லை.

சந்தை இருந்தது வேறொன்றுக்கு. 1955இல் யூனிவேர்சல் நிறுவனம் அதே நூலைப் படமாக்கியது. ஜெசி ஹிப்ஸ் இயக்கினார். தயங்கிய மேர்பி கடைசியில் தானே தானாக நடித்தார். 30 வயது மனிதன் 17 வயதுத் தன்னை நடிக்கிறான். படம் ஜெனரல் வோல்ரர் பெடல் ஸ்மித்தின் முன்னுரையோடு தொடங்கி விருது விழாவோடு முடிகிறது. அதாவது, நூல் வேண்டுமென்றே வெளியே விட்டதைப் படம் தன் உச்சமாக்கிக்கொள்கிறது. அந்த விழாவில் இறந்துபோன தோழர்கள் நிழலுருவங்களாக மீண்டும் தோன்றுகிறார்கள். நூலில் அவர்கள் நடுவில் இருந்தார்கள். இங்கே பதக்கத்துக்குப் பின்னணியாக நிற்கிறார்கள். எரிந்த தாங்கி அழிப்பு வண்டியின் இடத்தில் ஒரு ஷெர்மன் தாங்கி வந்துவிடுகிறது; இது சிறு பிழை, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, படம் முழுவதும் அவர் வெட்கப்பட்டுத் தலைகுனிகிற விதம். நூலில் மறுப்பாக இருந்தது இங்கே ஒரு பாவமாக, ஓர் அழகாக மாறிவிட்டது. 1975இல் 'ஜோஸ்' வரும்வரை யூனிவேர்சலின் ஆகக்கூடிய வசூலைப் பெற்ற படம் இதுதான்.

இந்த அழகின் அரசியற் பயன் 1958இல் வெளிப்பட்டது. கிரஹாம் கிறீன் 1955இல் வெளியிட்ட 'த குவைற் அமெரிக்கன்' நாவலை ஜோசப் மான்கிவிச் படமாக்கினார். நாவலில் அந்த அமைதியான அமெரிக்கனின் அப்பாவித்தனமே ஆபத்தானது. அவன் நல்லெண்ணத்தோடு கொண்டுவரும் வெடிமருந்து சைகோன் தெருவில் சனங்களைக் கொல்கிறது. படத்திலோ அமெரிக்கன் உண்மையிலேயே குற்றமற்றவன். பழி கம்யூனிஸ்டுகளின் சூழ்ச்சியாகிறது. இந்தத் தலைகீழாக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அடக்கத்தினால் புகழ்பெற்ற முகம். மேர்பியைப் பார்த்து வளர்ந்த பார்வையாளர் அவர் பொய் சொல்லுவார் என்று நம்பமாட்டார். வாதத்தால் செய்யமுடியாததை அந்த முகம் செய்தது. வியட்நாம் போருக்கு முன்னரே எடுக்கப்பட்ட போர்ப் பிரசாரம் என்று இப்படத்தைச் சொல்வது மிகையல்ல.

படங்களுக்கு வெளியே அவருடைய இரவுகள் இருந்தன. தலையணைக்குக் கீழே குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இல்லாமல் அவரால் நித்திரை கொள்ள முடியவில்லை. பிளாசிடில் என்ற நித்திரைக் குளிசைக்கு அடிமையானார். பின்னர் விடுதி அறையொன்றில் தன்னைப் பூட்டிக்கொண்டு தானே அதை விட்டார். சூதாட்டத்தில் பணத்தை இழந்தார். முதல் மணவாழ்வு விரைவில் முறிந்தது. கொரியாவிலும் வியட்நாமிலும் இருந்து திரும்பியவர்களின் மனநிலையை அரசு ஆராயவேண்டும், உதவவேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். போர் விட்டுச்செல்லும் இந்த மனவடுவுக்கு அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் முறையான பெயர் கிடைத்தது 1980இல்தான். மேர்பி 1971 மே 28இல் வேர்ஜினியாவில் நடந்த விமான விபத்தில் இறந்துவிட்டார். 'அவர் அதிகம் பேசமாட்டார்' என்று எல்லோரும் மெச்சியபோது, அவர் பேசிய இந்த ஒன்றைக் காதில் வாங்கியவர்கள் எத்தனை பேர்?

அடக்கத்தை மெச்சுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. அதே போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் சேவை செய்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அப்போது 'மெடல் ஒஃப் ஒனர்' வழங்கப்படவில்லை. 1997இல் ஏழு பேருக்கு அறிவித்தார்கள். உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. அவர் 52 ஆண்டுகள் அமைதியாக இருந்ததை எவரும் அடக்கம் என்று கொண்டாடவில்லை. பேசக் கூப்பிடப்பட்டவன் பேசாதிருந்தால்தான் அதற்குப் பெயர் அடக்கம். கூப்பிடப்படாதவனின் மௌனத்துக்குப் பெயரே இல்லை. இது மேர்பியின் வீரத்தைக் குறைப்பதாகாது. அவரை எடுத்துக்கொண்ட கைகளைப் பற்றியது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மேர்பி வெறும் பலியாளா? 40க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், தன் கதையைத் தானே விற்றவர், 1950இல் ரெக்ஸாஸ் தேசியக் காவற்படையில் சேர்ந்து ஆட்சேர்ப்புக்குத் தன் பெயரைப் பயன்படுத்தவும் அனுமதித்தவர் அல்லவா? உண்மை. அவர் போர் எதிர்ப்பாளர் அல்ல. அப்படி ஆக்க முயல்வது இன்னொரு பிரசாரமாகிவிடும். ஆனால் 1968இல் வங்குரோத்து நிலைக்கு வந்த அந்த மனிதர், இளைஞர்களுக்குக் கெட்ட முன்மாதிரியாகும் என்று மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரம் செய்ய மறுத்தார். தன் பெயர் எதற்கு விற்கப்படலாம், எதற்குக் கூடாது என்று அவருக்கு ஒரு கோடு இருந்தது. போர் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் நூலும் படமும் மோதுகின்றன. அந்த மோதல் அவருக்குள்ளும் நடந்தது. அவரை முழுமையாகப் பார்ப்பதென்றால் அந்த மோதலைத் தீர்த்துவைக்காமல் பார்க்கவேண்டும்.

தமிழில் 'அடக்கம்' என்ற சொல் பணிவைக் குறிக்கும். இறந்தவரைப் புதைப்பதையும் குறிக்கும். வீரனை அடக்கமானவன் என்று புகழும்போது இந்த இரண்டாவது வேலையும் சேர்ந்தே நடந்துவிடுகிறது. அவன் சொல்லாமல் விட்டது அவனோடேயே புதைகிறது. கேட்கவேண்டியவர்கள் கேட்கும் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார்கள்.

இது நமக்கும் அந்நியமான விடயமல்ல. 1989 முதல் ஒவ்வொரு நவம்பர் 27இலும் இறந்த போராளிகளுக்காக விளக்கேற்றும் சமூகம் நாம். இறந்தவர்களை நினைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துவக்குத் தூக்கிய பிறகு உயிரோடு வந்துசேர்ந்தவர்கள் நம்மிடையே உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இருக்கிறார்கள். எல்லா இயக்கங்களிலும் இருந்து வந்தவர்கள். அவர்கள் இரவில் நித்திரை கொள்வதில்லை என்பது மனைவிமாருக்குத் தெரியும். 'அவன் ஒண்டும் கதைக்கமாட்டான், அமைதியான பொடியன்' என்று நாம் சொல்கிறோம். 2009இல் போர் முடிந்துபோன பின்னும் அப்படியே சொல்கிறோம். அவர்கள் வாய்திறந்தால் நம் விழாக்களுக்கு ஒத்துவராத எதையேனும் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இந்த மெச்சுதலில் இல்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆர்லிங்ரன் இடுகாட்டில் 'மெடல் ஒஃப் ஒனர்' பெற்றவர்களின் கல்லில் எழுத்துக்களைப் பொன்னால் அலங்கரிப்பது வழக்கம். மேர்பியின் கல் அவருடைய விருப்பப்படி ஏனைய படையினரின் கல்லைப்போல வெறுமையாக இருக்கிறது. இதையும் அவருடைய அடக்கத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். நான் அந்தக் கல்லில் வேறொன்றைக் கவனிக்கும்படி கேட்பேன். அவர் பிறந்தது 1925இல் என்று பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கல்லில் செதுக்கப்பட்டிருப்பது 1924. தாயற்ற ஒரு சிறுவனைப் படையில் சேர்ப்பதற்காக அன்று கடதாசியில் கூட்டிய அந்த ஒரு வயதை இராணுவம் திருப்பிக் கொடுக்கவேயில்லை.