கையெழுத்து யார் போடுவது?

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே வரிசை கட்டி நிற்கிற லாரிகளில் ஏதாவது ஒன்றில், பத்தாங்கிளாஸோடு படிப்பை விட்ட கிளீனர் பையன் ஒருத்தன் இருப்பான். அவனை மனசில் வைத்துக்கொண்டு, 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். பள்ளியில் செக்ஸ் கல்வியே கூடாதாம். எய்ட்ஸ் பற்றிய பாடம்? பிளஸ் டூ கட்டத்துக்கு முன்னால் வேண்டாம், அதுவும் உயிரியல் புத்தகத்தில் மட்டும்! அதற்குள் நம்ம பையன் மும்பைக்கு எத்தனை லோடு போய் வந்திருப்பானோ. (இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில்தான்.)

2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வரிசையாக இந்தப் பாடத்துக்குத் தடை போட்டபோது எந்த அம்மாவைக் கேட்டார்கள்? கலாசாரம் கெட்டுவிடும் என்று சொன்னதோடு சரி. இங்கிலாந்தில், பிள்ளைக்கு செக்ஸ் பாடம் வேண்டாமென்று பெற்றோர் கேட்கலாம். ஆனால், 2020-ல் அமலுக்கு வந்த விதிப்படி, பதினாறு வயது நெருங்கும்போது 'எனக்கு வேணும்' என்று பிள்ளையே சொல்லிவிடலாம்.

சரி, இங்கேயும் ஒன்பதாங்கிளாஸ் பிள்ளையிடம் ஒரு சம்மதப் படிவம் கொடுத்தனுப்புவோம். கையெழுத்துப் போடவேண்டிய அப்பா லாரியில் இருப்பார், இல்லாவிட்டால் கடலில் இருப்பார். அம்மா அதை நாலாக மடித்து பனிமய மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "அப்பா வரட்டும்ல, அவுக பார்த்துப் போடுவாக" என்பாள்.