வீரன் மடிந்தபின் தொடங்கும் திருவிழா

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் பிலார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் உட்கார்ந்து பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியைக் கேட்டுவிட வேண்டும். 'எரோய்க்கா' என்று பெயர், வீர சிம்பொனி. நேரில் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேற்கத்திய இசை நமக்கு எட்டாது என்று ஒதுங்கி நிற்பவர்களிடம் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். வீரன் ஒருவனை எப்படி நினைக்க வேண்டும், எப்படிக் கொண்டாட வேண்டும் என்று இந்த இசை சொல்வது, நம் தோட்டத்துக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக நாம் செய்துவருவதுதான்.

பின்கதை தெரிந்தால் கேட்கும் சுகம் கூடும். 1802இல், காது கேட்கும் திறன் போய்க்கொண்டிருந்த துயரத்தில், வியன்னாவுக்கு வெளியே ஹைலிகன்ஸ்டாட் என்ற ஊரில் இருந்தபடி பீத்தோவன் தன் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாவை நினைத்துப் பார்த்துவிட்டு, கலைக்காக உயிரோடு இருப்பதென்று முடிவெடுத்த மனிதனின் கடிதம் அது. அடுத்த ஆண்டே இந்த சிம்பொனியில் கைவைத்தார். அதை நெப்போலியன் பெயரில் எழுத நினைத்திருந்தார். 1804இல் நெப்போலியன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான் என்ற செய்தி வந்ததும், முகப்புத் தாளையே கிழித்தெறிந்தார் என்று அவருடைய மாணவர் பெர்டினாண்ட் ரீஸ் எழுதிவைத்திருக்கிறார். வியன்னாவில் இன்றும் பாதுகாக்கப்படும் ஒரு கையெழுத்துப் படியில் நெப்போலியனின் பெயரைச் சுரண்டிய வேகத்தில் தாளே ஓட்டையாகிக் கிடக்கிறது. 1805 ஏப்ரல் 7 அன்று பொதுமேடை ஏறிய இந்தப் படைப்பு 1806இல் அச்சானபோது, ஒரு மாமனிதனின் நினைவைக் கொண்டாட எழுதியது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. ஆள் யார் என்ற பெயர் இல்லை. எவ்வளவு பெரிய மனசு! அரசனாகிவிட்டவனைத் தள்ளிவிட்டு, வீரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

இனி அரங்குக்கு வருவோம். 1998 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்ட இந்த அரங்கில் 920 இருக்கைகள்தான். எங்கே உட்கார்ந்தாலும் மேடை கிட்டத்தில்தான் இருக்கிறது. மலேசிய பிலார்மோனிக் இசைக்குழு முதல் கச்சேரி செய்த நாளிலிருந்து இதுதான் அதன் வீடு. நீளக்கை பாத்திக் சட்டையும் சேலையும் கோட்டுமாகக் கூட்டம் உட்காருகிறது. ஓபோ கொடுக்கும் ஒற்றைச் சுரத்துக்கு எல்லாரும் சுருதி சேர்க்கிறார்கள். நடத்துநர் வருகிறார், கையை ஓங்குகிறார், இரண்டே அடி. மொத்தக் குழுவும் சேர்ந்து 'டாம்! டாம்!' ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை. மரமும் நரம்பும் பித்தளையும் தோலும் மூச்சும் மட்டுமே எழுப்பிய அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் வந்து மோதியது. கைப்பேசியில் ஆயிரம் முறை கேட்டாலும் இது கிடைக்காது.

உடனே செல்லோக்கள் மெல்லப் பாடத் தொடங்குகின்றன. கர்நாடக இசை கொஞ்சம் கேட்டுப் பழகியவர்கள் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேஜர் சுரவரிசை என்பது நம் சங்கராபரணம். 'ச க ச ப, ச க ப' என்று வீரன் மிடுக்காக நடந்து வருகிறான். அப்புறம் 'ச நி' என்று இறங்குகிறான். சரி, காகலி நிஷாதம். அதற்கும் கீழே இன்னொரு படி இறங்கிக் கைசிகி நிஷாதத்தில் போய் நிற்கிறான்! சங்கராபரணத்தில் இடமே இல்லாத சுரம். பாட்டு தொடங்கிச் சில விநாடிகள்தான் ஆகியிருக்கின்றன. அதற்குள் காலடியில் தரை நழுவிவிட்டது. மேலே வயலின்கள் பதறுகின்றன. முதல் பகுதி முழுவதும் அந்த ஒரு சறுக்கலுக்குப் பதில் தேடும் போராட்டம்தான். காயமே படாத நாயகனை பீத்தோவன் நமக்குக் காட்டவே இல்லை. இதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நடுவில் ஓர் அற்புதம் நடக்கும், தவறவிடாதீர்கள். போராடிக் களைத்து எல்லாரும் அடங்கிப்போன வேளையில், வயலின்கள் இன்னும் வழி தெரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஹார்ன் மட்டும் தன்னந்தனியாக வீரனின் மெட்டை எடுத்துவிடும். முறைப்படி பார்த்தால் நாலு ஆவர்த்தனம் முந்தி! முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்ற ரீஸ், ஹார்ன்காரர் தப்பாக நுழைந்துவிட்டார் என்று நினைத்துத் திட்டி, குருவிடம் அறை வாங்கும் அளவுக்குப் போய்விட்டாராம். தப்பே இல்லை, பீத்தோவன் எழுதியதே அப்படித்தான். மற்றவர்களுக்கு நம்பிக்கை வருவதற்கு முன்பே ஒருவனுக்கு வந்துவிடுகிறது. வீரத்துக்கு இதைவிடத் துல்லியமான படம் நான் எந்தக் கலையிலும் பார்த்ததில்லை.

இரண்டாம் பகுதி சாவு ஊர்வலம். இதைக் கேட்க என்னோடு கிள்ளானிலிருந்து வந்திருந்தார் என் சித்தப்பா. பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிகளுக்கு முன்னால் உறுமி அடித்தே கை காய்த்துப்போனவர். சி மைனரில் வயலின்கள் அடிக்குரலில் அந்த மெட்டைத் தொடங்குகின்றன. கீரவாணியின் சாயல் தெரியும். அடியில் டபுள் பேஸ்கள் 'தரரம்… தரரம்…' என்று உறுமிக்கொண்டே வருகின்றன. சித்தப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "டேய், டோல்காரன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். மேளத்தப் பெரிய பிடில்காரன் அடிக்கிறான் பாரு. இது சாவு அடிதான்டா" என்று காதோரம் சொன்னார். எவ்வளவு சரி! தொடக்கத்தில் டிம்பனி ஒலிப்பதே இல்லை. துணி போர்த்திய முரசின் உருட்டலைத் தந்திகளாலேயே எழுப்பியிருக்கிறார் பீத்தோவன். பிறகு ஓபோ அந்த மெட்டை வாங்கி அழும். நடுவில் சி மேஜருக்கு மாறி வெளிச்சம் வரும், மறையும். கடைசியில் மெட்டே பேச்சு வராமல் திக்கித் திணறித் துண்டு துண்டாக உதிர்ந்துபோகும். 1963 நவம்பர் 22 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டு இறந்த செய்தி கச்சேரி நடக்கும்போதே பாஸ்டன் நகருக்கு வந்தபோது, நடத்துநர் எரிக் லைன்ஸ்டார்ப் உடனே வாசிக்கத் தேர்ந்தெடுத்தது இந்தப் பகுதியைத்தான்.

இசையைப் பற்றி எழுதுபவர்களை இருநூறு வருஷமாக ஒரு கேள்வி உறுத்தியிருக்கிறது. இரண்டாம் பகுதியிலேயே வீரனைப் புதைத்துவிட்டால், மிச்சம் இரண்டு பகுதிகளில் யாருடைய கதை நடக்கிறது?

நமக்கு இதில் புதிரே இல்லை! மதுரை வீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மடிந்த பிறகல்லவா அவன் சாமியானான்! முனியாண்டியையும் மதுரை வீரனையும் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் நம் முன்னோர் கப்பல் ஏறி இங்கே பால்மரக் காடுகளுக்கு வந்தார்கள். தோட்டந்தோறும் ஒரு கல்லை நட்டு, அரிவாள் சாத்தி, சுருட்டும் சாராயமும் படைத்தார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன, சாமிகள் இன்னும் இருக்கிறார்கள். வீரனின் சாவில் கதை முடிவதில்லை. அவன் பெயரால் ஊர் கூடுகிறது, மேளம் கொட்டுகிறது, சனம் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில்தான் அவன் பிழைத்திருக்கிறான்.

எரோய்க்காவின் மூன்றாம், நான்காம் பகுதிகள் இதுவேதான் என்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது. மூன்றாவது, தூரத்தில் கூட்டம் சேரும் சலசலப்பாகத் தொடங்கி, மூன்று ஹார்ன்கள் சேர்ந்து முழங்கும் உற்சாகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் சிம்பொனிக்கு இரண்டு ஹார்ன் வைப்பதே வழக்கம்; பீத்தோவன் மூன்று கேட்டார். நான்காவதில், ஓர் ஆரவாரத்துக்குப் பிறகு, தந்திக்காரர்கள் எல்லாரும் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டுகிறார்கள். ஒரு குழந்தைகூடத் திருப்பிப் பாடிவிடும் எளிய வரி. அதன்மேல் ஒரு நடன மெட்டு வந்து அமர்கிறது. வியன்னா நடனக்கூடங்களுக்காக பீத்தோவனே எழுதிய மெட்டு அது. மனிதருக்கு நெருப்பைக் கொண்டுவந்த புரோமிதியூஸ் பற்றிய பாலேயிலும் 1801இல் அதைப் பயன்படுத்தினார். அந்த ஆட்ட மெட்டு ஒவ்வொரு கருவியின் கைக்கும் மாறி மாறிப் போய், பியூகாகி, படைநடையாகி, பிரார்த்தனையாகி, கடைசியில் ஹார்ன்கள் வானளாவ அதைப் பாடும்போது, வீரம் யாரோ ஒருவனுடைய சொத்து அல்ல, மேடையில் வாசிக்கும் அத்தனை பேருடையது என்று ஆகிவிடுகிறது. எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். சித்தப்பா விசிலே அடித்துவிட்டார்.

இதைக் கேட்டபின் மற்ற வீர இசைகள் எல்லாம் புதிதாகத் திறந்துகொண்டன. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1899இல் அரங்கேற்றிய 'ஐன் ஹெல்டன்லேபன்' ஒரு வீரனின் வாழ்க்கை. எட்டு ஹார்ன்கள், காது கொள்ளாத செழுமை, காதலிக்காக ஒரு தனி வயலின் உருகும் அழகு. ஷஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி இன்னொரு உலகம். முற்றுகைக்குள் பட்டினியால் மக்கள் மடிந்துகொண்டிருந்த லெனின்கிராடில், 1942 ஆகஸ்டு 9 அன்று, கார்ல் எலியாஸ்பெர்க் நடத்த, மெலிந்துபோன வானொலிக் குழுவினரும் ராணுவ வாத்தியக்காரர்களும் அதை வாசித்து முடித்தார்கள். ஒலிபெருக்கிகள் வழியே ஊரே கேட்டது. அங்கே வீரர்கள் வாசித்தவர்கள்தான்.

நம் காலத்துக்கு வந்தால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல நம்மவர் ஒருவர் இருக்கிறார். 2025 மார்ச் 8 அன்று, லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில், மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை அரங்கேற்றியது. அதன் பெயரே 'வேலியண்ட்', வீரம் மிக்கது! பண்ணைப்புரத்தில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை எழுதப் படிக்கக் கற்றவர். 1993இல் இதே குழுவுக்கு ஒரு சிம்பொனி எழுதிப் பதிவும் செய்தார். அது வெளிவரவே இல்லை. மனசு விட்டுப்போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த மனிதர், 81 வயதில் மறுபடி அதே நகரத்தில், அதே குழுவின் முன் தன் தாள்களை விரித்தார். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை நெடுக அன்றைக்கும் ராஜா பாட்டுதான் ஒலித்துக்கொண்டிருந்தது. மின்னல் எப்.எம்.மில் அவருடைய வயலின்களைக் கேட்டே வளர்ந்த நமக்கு, சிம்பொனி என்றைக்கும் அந்நியமாக இருந்ததில்லை. அவர் அதை மூன்று நிமிஷப் பாட்டுகளுக்குள் வைத்து ஊட்டிவிட்டிருக்கிறார்.

ஆகவே கிளம்புங்கள். கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் கே.எல்.சி.சி. இறங்கினால் அரங்குக்கு நடைதூரம்தான். பிள்ளைகளையும், உறுமி அடிக்கும் சித்தப்பாக்களையும், கோயில் நாதஸ்வரக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எரோய்க்கா எப்போது நிகழ்ச்சி நிரலில் வந்தாலும் முதல் ஆளாக டிக்கெட் வாங்குங்கள். அந்த 920 இருக்கைகளில் பாதியைத் தமிழர்கள் நிரப்பட்டும். அப்படி நிரம்பும் ஓர் இரவில், அதே மேடையில் நம் மலேசியக் குழுவினர் 'வேலியண்ட்' வாசிக்கக் கேட்க வேண்டும். அதற்கு விசில் அடிக்கச் சித்தப்பா இப்போதே தயார்!