பாக்கி: விண்டோஸ்_என்டி

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மஞ்சள் மண்டிக்கு ஆட்டோஹாட்கீயில் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். எக்செல்லில் இருப்பதை எடுத்துப் பழைய பில்லிங் மென்பொருளில் அதுவே தட்டிவிடும். அவுட்ஸ்டேண்டிங்கை, அதாவது பாக்கியை, அங்கே 'ஓஎஸ்' என்றே எழுதுவார்கள். மாறிக்கும் அதே ஆங்கில இரண்டெழுத்தை வைத்தேன். பாக்கியே இல்லாத ஒருவரின் பில்லில் ஒருநாள் 'விண்டோஸ்_என்டி' என்று வந்தது. "தம்பி, இது யாருங்க?" என்றார் கணக்குப்பிள்ளை.

அதே 'ஓஎஸ்' என்ற பெயரில் விண்டோஸிலும் ஒரு சூழல் மாறி உண்டு, அதன் மதிப்புதான் அந்த 'விண்டோஸ்_என்டி'. ஆட்டோஹாட்கீயின் முதல் தலைமுறையில், ஒரு மாறி காலியாக இருந்தால் அந்தப் பெயரைச் சூழலில் தேடி, கிடைத்ததைக் கொடுத்துவிடும். 2003இல் கிறிஸ் மாலெட் வெளியிட்ட இந்த மொழி நிரல் தெரியாதவர்களையும் அரவணைத்தது. அந்தத் தாராளத்தில் சேர்ந்ததுதான் இதுவும். 'நோ-என்வ்' என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். புது ஸ்கிரிப்டுகளில் அதைச் சேர்க்கச் சொல்லி கையேடே பரிந்துரைத்தது. நான்தான் படிக்கவில்லை. 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் 'என்வ்கெட்' என்று வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். சரியான திருத்தம். ஆனால் இல்லாத பெயரைக் கேட்டாலும் அது பிழை சொல்லாமல் வெறுமையையே தருகிறது. அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

அதற்காகச் சூழல் மாறியே வேண்டாம் என்பதற்கில்லை. மண்டியின் சத்தியமங்கலம் கிளையில் கணினியின் பயனர் பெயர் வேறு. கோப்புப் பாதையை முழுதாக எழுதியிருந்தால் அங்கே ஸ்கிரிப்ட் படுத்திருக்கும், 'யூசர்புரொஃபைல்' என்ற சூழல் மாறி காப்பாற்றியது. அதிலும் ஒரு வினை. அதன் பின்னால் 'டாக்குமென்ட்ஸ்' என்று ஒட்டுவது பலரின் வழக்கம். ஒன்டிரைவ் அந்தக் கோப்புறையைத் தன்னிடம் இழுத்துக்கொண்ட கணினியில் அந்தப் பாதை தவறு. மொழிக்குள்ளேயே இருக்கும் 'ஏ_மைடாக்குமென்ட்ஸ்' சரியான இடத்தைக் காட்டும்.

இன்னொரு குழப்பம், சூழல் மாறியில் மாற்றிய மதிப்பு ஸ்கிரிப்டுக்குப் போய்ச் சேராதது. சூழல் என்பது ஊருக்குக் கிளம்பும்போது கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. பிறகு வீட்டில் என்ன சமைத்தாலும் மூட்டைக்குள் வராது. 'ரீலோட்' கொடுத்தும் பயனில்லை, பழைய ஓட்டம் தன் மூட்டையையே புதியதிடம் நீட்டுகிறது. மூடிவிட்டு எக்ஸ்புளோரரிலிருந்து திறக்க வேண்டும். 'என்வ்செட்' மாற்றுவதும் தன் மூட்டையையும், இனித் தான் தொடங்கும் நிரல்களின் மூட்டையையும் மட்டுமே. நிலையாக எழுத 'செட்எக்ஸ்' உண்டு. 1,024 எழுத்துக்கு மேல் அது வெட்டிவிடும் என்பதால் அதைக் கொண்டு 'பாத்' மாறியில் கைவைக்கவே கூடாது.

கடவுச்சொல்லைச் சூழல் மாறியில் வைப்பதை நான் ஏற்கவில்லை. 'செட்எக்ஸ்' எழுதுவது ரெஜிஸ்ட்ரியில் திறந்த எழுத்தாகக் கிடக்கும். கணினிக்குக் கணினி மாறும் இடங்களுக்குச் சூழல் மாறி போதும். அதையும் ஸ்கிரிப்டின் தலையிலேயே ஒரு தடவை கேட்டு வாங்குங்கள். காலியாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மண்டி ஸ்கிரிப்டில் அந்த 'ஓஎஸ்' மாறிக்கு இப்போது 'பாக்கி' என்றே பெயர்.