ஒரே அந்திவானமும் இருவேறு வழிகளும்
ஹின்ரனின் ‘வெளியாட்கள்’ நாவல் பற்றிய ஓர் ஆய்வு

கட்டிளமைப் பருவத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் மேனாட்டு இலக்கியத்திற் பலவுள. அவற்றுட் பெரும்பாலானவை முதிர்ந்த எழுத்தாளர் தமது இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. அப்பருவத்தினுள்ளே நின்றுகொண்டே அதனை எழுதியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் எஸ். ஈ. ஹின்ரன். ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்து டல்சா நகரைச் சேர்ந்த இவ்வம்மையார், தம் பாடசாலை நண்பர் ஒருவர் படமாளிகையிலிருந்து வீடு திரும்பும் வழியில் தாக்கப்பட்டதைக் கண்டு மனம் கொதித்து, பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய நூலே ‘தி அவுட்சைடேர்ஸ்’. ‘வெளியாட்கள்’ எனத் தமிழில் அதனைச் சுட்டலாம். 1967ஆம் ஆண்டு நூல் வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது பதினெட்டு. சூசன் என்னும் பெயரைக் கண்டால் ஆண்பிள்ளைகளின் சண்டைக் கதையை எழுத இவருக்குத் தகுதியுண்டோ என மதிப்புரையாளர் ஐயுறக்கூடும் எனப் பதிப்பாளர் கருதினர். ஆதலின் முதலெழுத்துக்கள் மாத்திரமே அட்டையில் இடம்பெற்றன.

இந்நாவல் அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றிற் பாடநூலாகியது. வன்முறை, குடி, புகைத்தல் ஆகியவற்றைக் காட்டுகிறதென்று சில பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டதும் உண்டு. கலிபோர்னியாவின் பிரெஸ்னோவைச் சேர்ந்த பாடசாலையொன்றின் நூலகரும் மாணவரும் எழுதிய கடிதத்தின் பயனாகப் பிரான்சிஸ் போட் கொப்போலா 1983இல் இதனைத் திரைப்படமாக்கினார். 2024ஆம் ஆண்டு இதன் இசைநாடக வடிவம் சிறந்த இசைநாடகத்துக்குரிய ரோனி விருதைப் பெற்றது. இத்துணைக் காலம் வாழ்ந்த நூல் வகுப்புவேற்றுமையைப் பற்றிக் கூறுவது யாது? செல்வரும் வறியரும் உள்ளத்தால் ஒருவரே என்பதே இதன் செய்தி எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்று பிழையன்று, ஆயின் அரைகுறையானது. நாவலின் மாந்தர் வாயாற் சொல்வது அச்செய்தி. நாவலின் நிகழ்ச்சிகள் காட்டுவதோ அதனினும் கசப்பான வேறோர் உண்மை.

கதை சுருங்கக் கூறத்தக்கது. நகரின் கிழக்குப் பகுதியில் வாழும் வறிய இளைஞர் ‘கிறீசர்’ எனப்படுவர். நீள வளர்த்து எண்ணெய் பூசிய தலைமயிரே அவர்களின் அடையாளம். மேற்குப் பகுதியின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ‘சோஷ்’ எனப்படுவர். கதைசொல்லியாகிய பதினான்கு வயதுப் பொனிபோய் கிறீசர் கூட்டத்தவன். பெற்றோர் கார் விபத்தில் மாண்டபின் இருபது வயது மூத்த அண்ணன் டரியும் நடு அண்ணன் சோடாபொப்பும் அவனைப் பேணுகின்றனர். ஓரிரவு பூங்காவில் சோஷ்கள் பொனிபோயை நீரில் அமிழ்த்தி மூச்சடக்க, அவனைக் காக்குமுகமாகத் தோழன் ஜோனி, பொப் என்பவனைக் கத்தியாற் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் ஊரைவிட்டோடிப் பாழடைந்த தேவாலயமொன்றில் ஒளிகின்றனர். அங்கு தீப்பற்றியபோது உள்ளே அகப்பட்ட சிறுவர்களை மீட்கின்றனர். ஜோனி முதுகெலும்பு முறிந்து மருத்துவமனையில் இறக்கிறான். அவனது மரணத்தைத் தாங்கமாட்டாத டலி, வெறுந் துப்பாக்கியைப் பொலிசாருக்கு நேரே நீட்டி, தானே தேடிக்கொண்ட சாவை அடைகிறான்.

‘உள்ளத்தால் ஒருவரே’ என்னும் கருத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவது பொனிபோயும் செரி என்னும் சோஷ் பெண்ணும் உரையாடும் இடம். அவளும் தன்னைப்போல் அந்திவானத்தை நோக்கும் வழக்கமுடையவள் என்று அவன் அறிகிறான். அவளது மாடத்திலிருந்து காணும் வானமும் தன் வீட்டுப் பின்படியிலிருந்து காணும் வானமும் ஒன்றே என்ற நினைவு அவனுக்கு ஆறுதலளிக்கிறது. செரியும், துன்பம் ஒரு பகுதியாருக்கு மாத்திரம் உரியதன்று என்கிறாள். இவ்விடத்தோடு வாசிப்பை நிறுத்தினால் நாவல் ஓர் இனிய நீதிக்கதையாகிவிடும்.

ஆனால் ஆசிரியை அங்கு நிறுத்தவில்லை. பிரியும் வேளையில் அதே செரி, பாடசாலையில் தான் அவனைக் கண்டும் பேசாமற் போனால் அதனை மனத்திற் கொள்ளவேண்டாம் என்கிறாள். இஃது அவளது கொடுமையன்று; நேர்மை. அந்திவானத்தைப் பகிர்ந்துகொண்டவள் பாடசாலை நடைவழியைப் பகிர்ந்துகொள்ள இயலாதவளாகிறாள். வானம் எவருக்கும் உடைமையன்று; ஆதலின் அதனைப் பகிர்தல் எளிது. நடைவழியோ மனிதர் வகுத்தது. அங்கே யார் யாருக்கு வணக்கம் சொல்லலாம் என்பதற்கும் எழுதப்படாத சட்டம் உண்டு. ஒற்றுமையையும் அதன் எல்லையையும் ஒரே மாலைப்பொழுதில் ஒரே பெண்ணின் வாயால் உரைத்தமை பதின்ம வயதெழுத்தாளர் ஒருவரிடம் எளிதிற் காணக்கிடையாத நுட்பமாகும்.

அடுத்து நோக்கத்தக்கது, ஒரே செயலுக்கு இரு வகுப்பாரும் கொடுக்கும் விலை. கொலை நிகழ்வதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் சோஷ்கள் ஜோனியை அடித்து உயிருக்கு ஊசலாடவிட்டனர். மோதிரங்கள் அணிந்த கையொன்று அவன் முகத்தில் ஆறாத தழும்பை ஏற்படுத்தியது. அதற்கென வழக்கு நடந்ததாகக் கதையில் இல்லை. அடித்தவர் தம் காரில் ஏறிச் சென்றனர், அவ்வளவே. அவன் கத்தி ஏந்தத் தொடங்கியது அன்றிலிருந்தே. பின்னர் அதே மோதிரக் கையினன் தாக்க வந்தபோது ஜோனி குத்தினான். தற்காப்பு என்னும் நியாயம் இருந்தும் அவ்விருவர் மனத்திலும் சட்டம் தம்மைக் காக்கும் என்ற எண்ணம் அவ்விரவில் எழவில்லை. அவர்கள் நாடியது டலியையே. அவன் கொடுத்தது ஐம்பது டொலரும் ஒரு துப்பாக்கியும். செல்வனின் வன்முறை குறும்பென மறக்கப்படும். வறியவனின் வன்முறை குற்றமென எழுதப்படும். பின்னர்ச் செய்தித்தாள் ஜோனியைத் தீயினின்று சிறுவரை மீட்ட வீரனெனப் புகழ்ந்த அதே நாட்களில் அவன்மீது ஆட்கொலைக் குற்றச்சாட்டும் நின்றது என்பதை நாவல் தவறாது குறிக்கிறது.

கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஆசிரியை அமைத்திருக்கும் முறை ஆழ்ந்து நோக்கற்குரியது. ஜோனியின் வீட்டில் தந்தை அடிப்பார், தாய் ஏசுவார், மகன் வீட்டிலில்லை என்பதையும் அவர்கள் பொருட்படுத்தார். பொப்பின் வீட்டிலோ அவன் கேட்டது எதுவும் மறுக்கப்பட்டதில்லை. யாரேனும் ஒருமுறை தன்னைத் தடுத்து நிறுத்தமாட்டாரோ என்று அவன் ஏங்கினான் என அவனுடைய நண்பன் ரன்டி கூறுகிறான். ஒருவனுக்கு எதுவும் தரப்படவில்லை. மற்றவனுக்கு எதுவும் மறுக்கப்படவில்லை. இரண்டு வீடுகளிலும் இல்லாதது பிள்ளையைக் கருத்தோடு நோக்கும் கண் ஒன்றே. இதுவும் ஓர் ஒற்றுமைதான். ஆயினும் பொப்பின் வெறுமை காரும் மதுவும் துணையும் பெற்று இரவில் உலாவுகிறது. ஜோனியின் வெறுமை வெட்டவெளியிற் பத்திரிகைத்தாளைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறது.

எனினும் வகுப்புவேற்றுமையின் உண்மையான அவலம் கத்தி ஏந்திய எவரிடமும் இல்லை. அஃது டரியிடமே உள்ளது. நாவலை மேலோட்டமாகப் படிப்போர் அவனைக் கண்டிப்பு மிக்க அண்ணனெனக் கடந்து செல்வர். அறிவும் உடல்வலியும் வாய்ந்த அவன், பாடசாலை உதைபந்தாட்ட அணியிற் சிறந்து விளங்கியவன்; கல்லூரிக்குச் செல்லவேண்டியவன். தம்பியரைப் பிரித்து இல்லங்களுக்கு அனுப்பிவிடுவர் என்ற அச்சத்தால் அவன் கூரைவேலைக்குச் செல்கிறான். இரு கூட்டங்களும் பொருதும் இரவில், சோஷ்கள் சார்பில் முதலில் முன்வருபவன் டரியோடு ஒரே அணியில் விளையாடிய போல் என்பவன். அவன் இப்போது கல்லூரி மாணவன். ஒருவரையொருவர் அறிந்த அவ்விருவரும் கைகலக்குமுன் நோக்கும் நோக்கில் ஒரு பக்கம் இகழ்ச்சியும் இரக்கமும், மறுபக்கம் பொறாமையும் நாணமும் இருந்ததைப் பொனிபோய் காண்கிறான். ஒரே அணியில் ஓடிய இருவரில் ஒருவன் விரிவுரை மண்டபத்துக்கும் மற்றவன் கூரை ஏணிக்கும் போகநேர்ந்தது திறமையின் வேறுபாட்டாலன்று. சண்டைக் காட்சிகள் அனைத்திலும் கூரிய ஆயுதம் இப்பார்வையே.

அச்சண்டையிற் கிறீசர் வெல்கின்றனர். ஆனால் அவ்வெற்றியால் ஆவது ஒன்றுமில்லை என்று ரன்டி முன்னரே உரைத்துவிட்டான்: வென்றாலும் மேலிருப்போர் மேலேயே இருப்பர், கீழிருப்போர் கீழேயே இருப்பர். வெற்றிச் செய்தியைச் சுமந்து மருத்துவமனைக்கு விரைந்தவர்களுக்குச் சண்டை பயனற்றது என்னும் சொல்லே ஜோனியிடமிருந்து கிடைக்கிறது. முன்னொருகால் சாக விரும்பிய அவன், பதினாறு ஆண்டுகள் போதா என உணரும் வேளையிற் சாகிறான். அவன் இறுதியாக நண்பனை வேண்டிக்கொள்வது றொபேட் புறொஸ்ரின் கவிதையொன்றை உட்கொண்டது. தளிர்ப் பருவத்துப் பொன்னிறம் நில்லாது என்பது அக்கவிதையின் கருத்து. நிலையாமை என்னும் பொருளைக் கற்றார்க்கு அது புதிதன்று. ஆயின் நிலையாமை கூறும் புலவர் பற்றை விடுக என்பர். ஜோனியோ அப்பொன்னைக் கைவிடாதே என்கிறான். துறவுக்குரிய கருத்தை வாழ்வுக்குரியதாக மாற்றியமை இந்நாவலின் தனிச்சிறப்பு.

குறைகளும் இல்லாமலில்லை. தேவாலயத் தீ கதையின் தேவைக்காக மூட்டப்பட்டதுபோல் அமைந்துள்ளது. ஒளிந்திருந்த இருவரும் வீரராவதற்கு ஆசிரியைக்கு ஒரு விபத்து வேண்டியிருந்தது. நீதிமன்றக் காட்சி மிக எளிதில் முடிந்துவிடுகிறது. அத்துணைப் பக்கங்கள் அஞ்சிய சட்டம் சில மெல்லிய வினாக்களோடு சகோதரரை ஒன்றாக வாழவிடுகிறது. செரியைத் தவிரப் பெண்பாத்திரம் எதுவும் உருப்பெறவில்லை. இன்னும் பெரியதொரு மௌனமும் உண்டு. நாவல் நகரின் பெயரைக் கூறாவிடினும் அது டல்சாவே என்பதை யாவரும் அறிவர். 1921இல் அந்நகரின் கிறீன்வுட் பகுதியிற் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டு, அவர்தம் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அந்நகரின் ஆழமான பிளவு அதுவாக இருக்க, இந்நாவலின் கிழக்கும் மேற்கும் வெள்ளையருக்குள் நிகழும் பிளவாகவே நின்றுவிடுகின்றன. வெளியாட்களுக்கும் வெளியே நின்றோர் இக்கதையில் இடம்பெறவில்லை.

இக்குறைகளை ஆசிரியையின் வயதைக் காட்டி மன்னித்தல் திறனாய்வாகாது. எனினும் இவற்றையெல்லாம் மீறி நூலை நிலைநிறுத்துவது அதன் இறுதி அமைப்பு. தோழர் இருவரையும் இழந்த பொனிபோய் மனம் பேதலித்து, பொப்பைக் கொன்றவன் தானே என்றுகூடச் சாதிக்கிறான். பாடங்களிற் பின்தங்குகிறான். ஒருநாள் தன்னை மிரட்டிய சோஷ்களை உடைந்த போத்தலொன்றை ஏந்தி எதிர்க்கிறான். அவனும் டலியாகிவிடுவான் போலும் என வாசகர் அஞ்சுகின்றனர். ஆனால் அவர்கள் போனபின், எவருடைய வாகனச் சில்லும் பழுதாகாதிருக்கக் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான். இச்சிறு செயலின் கருத்தை அவன் அறியான், ஆசிரியை விளக்கவுமில்லை. நாவலில் மிகச் சிறந்த இடம் இதுவேயெனலாம்.

இந்நிலையில் அவனது ஆங்கில ஆசிரியர், நல்ல கட்டுரையொன்று எழுதித் தந்தால் அவனைச் சித்தியடையச் செய்வதாகக் கூறுகிறார். எதை எழுதுவதென அறியாது திகைத்தவன், ஜோனி விட்டுச்சென்ற மடலைப் படித்தபின், தன்னைப்போல் தெருவில் நின்று அந்திவானத்தை நோக்கும் எண்ணற்ற பிள்ளைகளை நினைக்கிறான். அவர்களின் பக்கத்தை யாரேனும் சொல்லவேண்டுமெனத் துணிகிறான். நாவல் தொடங்கிய வாக்கியமே கட்டுரையின் முதல் வாக்கியமாக அமைய, கதை முடிகிறது. இதுகாறும் வாசித்தது ஒரு மாணவனின் பாடசாலைக் கட்டுரையே என்பது அப்போது புலனாகிறது. இந்நாவலை எழுதிய ஆண்டில் ஹின்ரனுக்கு ஆக்க எழுத்துப் பாடத்திற் கிடைத்தது மிகத் தாழ்ந்த புள்ளியே என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

பொனிபோயின் கட்டுரையால் டரி கல்லூரிக்குப் போகப்போவதில்லை; செரியும் நடைவழியில் அவனோடு பேசுவாள் என்பதற்கு உறுதியில்லை. வகுப்புவேற்றுமையை எழுத்து ஒழித்துவிடும் என்று இந்நாவல் பொய்யுரைக்கவில்லை. அது கூறுவது இவ்வளவே: செய்தித்தாளும் நீதிமன்றமும் எவனைப் பற்றிப் பேசினவோ, அவன் இப்போது தானே பேசுகிறான். அதற்கு வாய்ப்பளித்தவர் சமூகத்தைத் திருத்தப் புறப்பட்ட பெருந்தலைவரல்லர்; பின்தங்கிய மாணவனொருவனுக்குப் புள்ளி போடுமுன் ஒரு தாளைக் கொடுத்துக் காத்திருந்த ஓர் ஆசிரியரே. அந்திவானம் யாவர்க்கும் பொது. அதன்கீழ் வீடு செல்லும் வழிகள் வேறு. அவ்வழிகளுள் இருளடைந்த ஒன்றில் நடப்பவனுக்கு வகுப்பறை செய்யக்கூடியது சிறிதே. எனினும் அச்சிறிது செய்யப்படாதிருந்தால், இந்நாவலுக்குள்ளே ஜோனியின் கதையைச் சொல்ல எவரும் இருந்திரார்.